எதிர்க்கரை

போளூர்
6.11.2023

அன்பு மகள் ஈஸ்வரிக்கு அப்பா எழுதுறது. நாங்க ரெண்டு பேரும் சுகம். நீயும் குழந்தையும் சுகமா?

சாமை மூட்டையோட வந்தவன், கிருஷ்ணன் மண்டியில உக்காந்து எழுதுறேன். போன் உங்கண்ணன் வெற்றிவேல் கையில இருக்குது. அதனால நீயும் இந்த மண்டி விலாசத்துக்கே பதில் போடு.

நீ வேற சாதியில கட்டிக்கிட்டு மலைய வுட்டுக் கீழ எறங்கிப் போனதிலிருந்து, உன்ன வூட்டுல சேத்தா எங்களையும் தள்ளிவெச்சிடுவோம்னு ஊர்ல சொல்லிட்டாங்க. உங்கண்ணனும் அவங்க பக்கம்தான். ஆனா உங்கம்மா பேத்தியப் பாக்கணும்னு சோறு எறங்காம கெடக்கிறா.

ஒண்ணு செய்யி. தீபாவளி கழிஞ்ச ஞாயித்துக்கெழம அருவிக்கு வந்துடு. இப்ப தண்ணி நல்லா வுழுது, டவுனு ஜனம் நெறைய வருது. கூட்டத்துல யாருக்கும் தெரியாது. ஊர் வழியா வராத. முன்னாடி ஸ்டாப்புலயே எறங்கி மூங்கில் காட்டு வழியா நட. உச்சிவேளைக்கு நாங்க அங்க இருப்போம். அந்தப் பையனும் வரட்டும். குழந்தையத் தூக்க ஆள் வேணுமில்ல.

உன் அப்பா,
கோபால்சாமி

*

வேலூர்
11.11.2023

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இவரிடம் படித்துக் காட்டினேன். ‘குழந்தையத் தூக்க என்னை வேலைக்கு வெச்சிட்டாரா உங்கப்பா?’ என்று சிரித்தார். கண்டிப்பாக வருகிறோம்.

பாப்பாவுக்குப் பூவிழி என்று பெயர் வைத்திருக்கிறோம். கீழே இரண்டு பல் வந்துவிட்டது. அம்மாவிடம் சொல்லுங்கள். அம்மாவுக்கு ஒரு சேலை எடுக்க ஆசை. எங்கிருந்து வந்தது என்று அண்ணன் கேட்பான். அதனால் வெறுங்கையோடுதான் வருகிறேன், திட்டாதீர்கள்.

உங்கள் மகள்,
ஈஸ்வரி

*

வேலூர்
21.11.2023

அப்பா,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். பாப்பாவுக்குக் கொஞ்சம் சளி, வேறொன்றும் இல்லை.

அன்று காலையிலிருந்தே தூறல். மூங்கில் காடு தாண்டியதும் பாறையெல்லாம் பாசி. இவருக்கு மலை பழக்கமில்லை. ஒரு இடத்தில் வழுக்கி விழுந்தார். முழங்கை கிழிந்து ரத்தம் வந்தது, ஆனால் குழந்தையைத் தரையில் படவிடவில்லை. வழியெல்லாம் ஒவ்வொரு மரத்தையும் காட்டி இது என்ன, அது என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தார். நானும் உங்களோடு தேனுக்குப் போன கதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். அப்படி ஒரு சந்தோஷத்தோடு வந்தேன் அப்பா.

நீங்களும் அம்மாவும் எதிர்க்கரையில் உட்கார்ந்திருந்தீர்கள். கை தூக்கினேன். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். அப்புறம்தான் பார்த்தேன், உங்களுக்குப் பக்கத்தில் நம் ஊர் குணசீலன் மாமா மக்காச்சோளம் சுட்டு விற்றுக்கொண்டிருந்தார். சரி, அவர் போகட்டும் என்று நாங்களும் யாரோ மாதிரி இந்தப் பக்கம் உட்கார்ந்தோம். பாப்பாவை அம்மாவுக்குத் தெரிகிற மாதிரி திருப்பி வைத்துக்கொண்டேன். அவர் போகவே இல்லை.

அம்மாதான் எழுந்தாங்க. சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு தண்ணீரில் கால் வைத்தாங்க. முழங்கால் அளவுத் தண்ணீர்தான். என்னவோ சொன்னாங்க, அருவிச் சத்தத்தில் கேட்கவில்லை. நீங்கள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தீர்கள். கொஞ்ச நேரத்தில் எழுந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயே விட்டீர்கள்.

‘நான் போய்ப் பேசட்டுமா?’ என்று இவர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

உங்கள் பயம் எனக்குத் தெரியும். கோபமில்லை அப்பா. ஆனால் என் பிள்ளையைத் திருட்டுப் பொருள் மாதிரி ஒளித்துக் காட்ட இனி என்னால் முடியாது. அருவிக்கு வர மாட்டேன். பார்க்க வேண்டுமென்றால் என் வீட்டுக்கு வாருங்கள். விலாசம் கவர் மேல் இருக்கிறது.

ஈஸ்வரி

*

போளூர்
4.12.2023

அம்மாடி ஈஸ்வரி,

உன் கடுதாசிய உங்கம்மாவுக்குப் படிச்சேன். கடசி வரிய இன்னொரு தடவ படிக்கச் சொன்னா. கவர வாங்கி முந்தானையில முடிஞ்சிக்கிட்டா. அருவியிலேர்ந்து வந்ததுலேர்ந்தே எங்கிட்ட பேச்சில்ல. சோத்தப் போட்டு வெச்சிட்டு அந்தாண்ட போய்டுவா. அன்னிக்குக் குணசீலன் திரும்பிப் பாத்தான், எங்கை தானா அவளப் புடிச்சி இழுத்துடுச்சி. அதச் சொன்னா கேக்க மாட்டேங்கிறா.

வெள்ளிக்கெழம காலையில ரெண்டு சேலைய மடிச்சிப் பையில போட்டுக்கிட்டு பஸ்ஸுக்குக் கெளம்பிட்டா. பின்னாலயே ஓடினேன். பஸ் பூரா நம்ம ஊர் ஜனம். உங்கண்ணனும் கீழ நின்னுட்டிருந்தான். ‘இன்னா பச்சையம்மா, எங்க கெளம்பிட்ட?’ன்னு குணசீலன் கேட்டான்.

‘எம்பொண்ணு வூட்டுக்கு’ன்னா. எல்லாருக்கும் கேக்கிறாப்பல சத்தமா.

ஒருத்தரும் அவளத் தடுக்கல, ஈஸ்வரி. உங்கண்ணன் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான். அவ ஏறி ஜன்னலோரம் உக்காந்தா. பக்கத்து சீட்டுல வெச்ச பைய எடுத்து மடியில வெச்சிக்கிட்டு என்னப் பாத்தா. ‘பெரியவரே, ஏறுறீங்களா?’ன்னாரு கண்டக்டரு.

‘இல்லீங்க, வழியனுப்ப வந்தேன்’னு சொல்லிட்டேன்.

சனிக்கெழமயும் இன்னிக்கும் மண்டிக்கு வந்து பாத்தேன். உங்கிட்டேர்ந்து ஒண்ணும் வரல. அவ வந்து சேந்தாளான்னு மட்டும் எழுது. எனக்குன்னு வேற எதுவும் எழுத வேணாம்.

அப்பா