“மருமகளே, தலையைக் குனி”

அக். 9, வியாழன்

ஸ்ரீரங்கத்துக் கடைக்காரர்கள் நம் நல்லெண்ணெயை அலமாரியிலிருந்து இறக்கிவிட்டார்கள். காலையில் நல்ல வெயில், மதியத்துக்கு மேல் மூட்டம். தீபாவளிச் சரக்கோடு போன வேன் போன மாதிரியே திரும்பி வந்து நிற்கிறது.

டிரைவர் செல்வம் சாவியைக் கொடுத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். “முதலாளி, ஒரு கடையிலயும் வாங்க மாட்டேங்கிறாங்க. ‘அந்த ரெண்டு பொண்ணுங்க எண்ணெயா? வேணாம்ப்பா, கொண்டு போ’ன்னு சொல்றாங்க.”

எந்த ரெண்டு பொண்ணுங்க?

ஸ்ரீரங்கம் முழுக்க நம் சரக்கை விநியோகம் செய்கிற வரதராஜனுக்கு போன். “சார், நீங்க பாக்கலையா? ஊரே பாக்கறது. உங்க வாட்ஸ்அப்பைத் திறங்கோ.” திறந்தேன். நம் தீபாவளி விளம்பரம். அதன் கீழே சிவப்பு எழுத்தில்: பாரம்பரியக் குடும்பத்தைக் கெடுக்கும் எண்ணெய். இந்தப் பாட்டில் உங்கள் வீட்டில் வேண்டாம். பத்துப் பேருக்கு அனுப்புங்கள். எனக்கே ஏழெட்டுப் பேர் அனுப்பியிருக்கிறார்கள், என் எண்ணெய் என்று தெரிந்தே.

விளம்பரம் ஒரு நிமிடம்கூட ஓடாது. விடியற்காலை, கூடத்தில் கோலம், மணையில் இரண்டு இளம் பெண்கள். அம்மா மிளகு போட்டுக் காய்ச்சிய எண்ணெயோடு வருகிறாள். மகள் தலையில் வைக்கிறாள். அடுத்தவள் பக்கம் திரும்பி, “மருமகளே, தலையைக் குனி” என்கிறாள். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். அம்மாவின் குரல்: “எங்க வீட்டுல இந்த வருஷம் தலை தீபாவளி.” பாட்டில். முடிந்தது.

இதில் என்ன தப்பு என்று ஸ்டூலில் உட்கார்ந்து இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது. தலை தீபாவளி. மாப்பிள்ளை எங்கே?

நான் பாட்டிலைத்தான் பார்த்திருக்கிறேன். சென்னையிலிருந்து படம் எடுக்க வந்தவர்களிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: லேபிள் சாய்ந்திருக்கிறது, நிமிர்த்துங்கள். எண்ணெய்க்கு இன்னும் வெளிச்சம் வேண்டும். கை நிறைய ஊற்றச் சொல்லுங்கள், சொட்டுச் சொட்டாக வைத்தால் ஒரு பாட்டில் ஒரு வருஷம் வரும் என்று ஜனங்கள் நினைத்துக்கொள்வார்கள்.

மருமகளே என்றால் எனக்கு என்ன தோன்றும்? நம் பக்கத்தில் அண்ணன் மகள் அத்தைக்கு மருமகள். அக்கா மகள் கயல் எனக்கு மருமகள். அவளை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே குறைவு. படத்திலும் மகள் ஒருத்தி, அண்ணன் மகள் ஒருத்தி, இரண்டு பேருக்கும் ஒரே வருஷத்தில் கல்யாணம், மாப்பிள்ளைகள் இன்னும் எழுந்திருக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். மாப்பிள்ளையைத் தேடாத ஒரே ஆள் இந்த ஊரில் நான்தான் போலிருக்கிறது.

விளம்பரம், பில், கம்ப்யூட்டர் எல்லாம் கயல் பொறுப்பு. இன்று ஆபீசுக்கு வரவில்லை. தலைவலியாம்.

அக். 10, வெள்ளி

காலையில் தூறல். எள் விலை விசாரிக்க காந்தி மார்க்கெட். உள்ளே நுழைவதற்குள் ஒருவன்: “என்னண்ணே, உங்க பாட்டில் வாங்கினா மாப்பிள்ளை இலவசமாமே?” பக்கத்துக் கடைக்காரன்: “போடா, அங்கதான் மாப்பிள்ளையே கிடையாதே!” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெளியே வந்த பிறகு காது சுட்டது.

இதுவரை நிறுத்தியவர்கள்: ஸ்ரீரங்கம் முழுக்க, திருவானைக்காவலில் பாதி, பாலக்கரையில் மாதா படம் மாட்டிய மளிகைக் கடை, சிங்காரத்தோப்பு பாய் கடை. கடையடைப்புக்கு ஒரு தேதி குறிக்கச் சொன்னால்கூட ஒத்துப்போகாத ஆட்கள். என் எண்ணெய் இவர்களை ஒன்றுசேர்த்துவிட்டது.

சைக்கிளில் டின் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றியவன் நான். கலப்படம் என்று ஒருவன் சொன்னதில்லை. அளவு குறைவு என்று சொன்னதில்லை. இன்று குடும்பத்தைக் கெடுக்கிறேனாம்.

மதியம் தெரியாத எண்ணிலிருந்து போன். கைலாசபுரம், ஆலையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். திட்டப்போகிறார் என்று போனைக் காதிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டேன். “சார், அந்தப் படத்தை என் பையன் பெங்களூர்லேருந்து அனுப்பியிருக்கான். அவன் எங்கிட்ட பேசியே பல வருஷம் ஆச்சு. காரணம் உங்களுக்குப் புரியும்னு நெனைக்கிறேன்.” அப்புறம் அவரே சொன்னார்: “ரெண்டு பாட்டில் வேணும் சார். கடையில தர மாட்டேங்கிறாங்க.”

டெலிவரி சார்ஜ் தனி என்றேன். வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. “பரவாயில்ல சார்” என்றார்.

வீட்டில் மனைவி சரோஜாவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். “ரெண்டும் லட்சணமாத்தானே இருக்குங்க. மாப்பிள்ளை கிடைக்காமலா போயிடும்?” விளக்கவில்லை. கயலுக்கு ஒரு ஜாதகம் வந்திருப்பதாகச் சொன்னாள். பையன் தொட்டியம், வாழைத் தோப்பு இருக்கிறதாம். தீபாவளி முடியட்டும் என்றேன்.

அக். 11, சனி

புரட்டாசி சனிக்கிழமை. ஸ்ரீரங்கத்தில் கால் வைக்க இடமில்லை. வண்டியை அம்மா மண்டபம் பக்கம் விட்டுவிட்டு நடை. வழியில் நம் எண்ணெய் வைத்திருந்த கடை ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே போனேன். நம் இடத்தில் வேறு எண்ணெய். ஒரு கடையில் வெறும் தூசி வட்டம் மட்டும்.

வரதராஜன் கிடங்கில் மின்விசிறிக்கு நேரே என்னை உட்கார வைத்தார். மோர் கொடுத்தார். கெட்டிக்கார மனிதர். கடைக்காரர்களிடம் பேசி முடித்தே வைத்திருக்கிறார்.

“சார், நீங்க அந்தப் பொண்ணு யாருன்னு நெனச்சேள்?”

“அண்ணன் பொண்ணுன்னு.”

“அவ்வளவுதான். அதையே எழுதிக் குடுங்கோ. மருமகள்னா அண்ணன் பொண்ணுதானே? அகராதியைப் பாத்தாலும் இருக்கு. பொய்யே இல்லையே!”

ஒரே வரி. ‘விளம்பரத்தில் வருபவர் அந்த அம்மாளின் அண்ணன் மகள், வேறு அர்த்தம் கொள்ள வேண்டாம்.’ கீழே என் கையெழுத்து, போட்டோ. ஒவ்வொரு கடையிலும் ஒட்டிவிட்டால் திங்கட்கிழமை சரக்கு ஏறும். விளம்பரத்தைக்கூட நிறுத்த வேண்டியதில்லை.

எனக்குக் குதிக்கலாம் போலிருந்தது. தமிழே நம்மைக் காப்பாற்றிவிட்டது என்று அவரிடம் சொல்லிச் சிரித்தேன். அங்கிருந்தே கயலுக்கு போன். “மருமகளே, ஒரு வரி சொல்றேன், டைப் பண்ணி அனுப்பும்மா.” சொன்னேன். தெருவில் நாகஸ்வரச் சத்தம், கேட்கவில்லையோ என்று திரும்பச் சொன்னேன்.

“கேட்டுச்சு மாமா. டைப் பண்ணலை. நாளைக்கு நேர்ல வரேன்.”

அக். 12, ஞாயிறு

காலையிலிருந்து விடாத மழை. நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

கயல் ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்தாள். பின்னால் ஜெசிந்தா. தில்லைநகர் வீட்டில் கயலோடு தங்கியிருக்கிற பெண், ஸ்கூல் டீச்சர். ஜெசிந்தா கீழேயே நின்றுகொண்டாள். கயல் மட்டும் மேலே வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

“மாமா, அந்தக் கதையை சென்னைக்காரங்க எழுதலை. நான் எழுதினேன்.”

“சரி. அதுக்கென்ன?”

“மருமகளே, தலையைக் குனி. அது அம்மா சொல்ற மாதிரி எழுதினேன். அம்மா உயிரோட இருந்திருந்தா, ஜெசியைப் பாத்து.”

எனக்கு உடனே விளங்கவில்லை. அக்கா எதற்கு அந்தப் பெண்ணை மருமகள் என்று சொல்ல வேண்டும் என்று உறவுமுறையைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் மகளா? இல்லை. நாத்தனார் மகளா? இல்லை. கயல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கணக்கு வந்தது. மகனுக்குப் பெண்டாட்டியாக வந்தவளும் மருமகள்தானே. இங்கே மகன் இல்லை. மகள்.

அந்த நேரத்தில் என் வாயில் வந்தது:

“அப்ப வாடகை பாதிப் பாதின்னு சொன்னது?”

“அது பாதிப் பாதிதான் மாமா.”

கூட ஒரு பெண் இருந்தால் வாடகை மிச்சம், துணையும் ஆச்சு என்று அட்வான்ஸ் கொடுத்தவனே நான்தான்.

கத்தினேன். என் கம்பெனிக் காசில் உன் வீட்டுக் கதையா என்றேன். இன்னும் என்னென்னவோ. அவள் தடுக்கவில்லை. நான் மூச்சு வாங்கிய பிறகு பேசினாள்.

“உங்ககிட்ட மறைக்கலை மாமா. எடுக்குறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை படிச்சுக் காமிச்சேன். எடுத்த பிறகு போட்டுக் காமிச்சேன். லேபிளை நிமித்தச் சொன்னீங்க. கை நிறைய ஊத்தச் சொன்னீங்க. ‘நல்லாருக்கு மருமகளே, போடு’ன்னீங்க. நான்... உங்களுக்குப் புரிஞ்சிடுச்சுன்னு நெனச்சேன். பேச வெக்கப்பட்டுக்கிட்டு எண்ணெயைப் பத்திப் பேசுறீங்கன்னு நெனச்சேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “மாமா ஒத்துக்கிட்டாருன்னு ஜெசி அவங்க வீட்டுல சொல்லிட்டா. அதை நம்பித்தான் சொன்னா.”

இரண்டு மாதமாக இந்தப் பெண் ஆபீசில் பாடிக்கொண்டே பில் போட்டதன் காரணம் இப்போதுதான் தெரிகிறது. சம்பள உயர்வு என்று நினைத்திருந்தேன்.

“படத்தை எடுத்துடுங்க மாமா. கம்பெனி உங்களோடது, உங்க இஷ்டம். அண்ணன் பொண்ணுன்னு மட்டும் எழுதாதீங்க. அதை எழுதி ஊரெல்லாம் ஒட்டினா நான் வேலைக்கு வர மாட்டேன். வீட்டுக்கும் வர மாட்டேன்.”

நான் பதில் சொல்வதற்குள் சரோஜா உள்ளேயிருந்து வந்தாள். “அந்தப் புள்ள மழையில நிக்குது, மேல கூப்பிடுங்க.” அவளே கூப்பிட்டாள், துண்டு கொடுத்தாள், காபி கொடுத்தாள். ஜெசிந்தா எப்போதும்போல “வணக்கம் அங்கிள்” என்றாள். நான் தலையாட்டினேனா என்று ஞாபகமில்லை. சரோஜா ஒன்றும் அறியாமல், “கயலுக்குப் பாக்குற கையோட உனக்கும் ஒரு வரன் பாக்கட்டுமாம்மா? உங்க ஆளுங்கள்லயே” என்றாள். ஜெசிந்தா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கயல் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

அக். 13, திங்கள்

மழை விட்டிருக்கிறது. கயல் ஆபீசுக்கு வரவில்லை. மேஜை சுத்தம். பேனாகூட இல்லை.

சரோஜாவிடம் சொல்லிவிட்டேன். கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அக்காவைப் பற்றியோ ஊரைப் பற்றியோ சொல்வாள் என்று பார்த்தேன். “அந்தப் பொண்ணுகிட்ட போய் வரன் பாக்கட்டுமான்னு கேக்க விட்டுட்டீங்களே என்னை!” அதற்கு மேல் இன்று முழுக்கப் பேச்சில்லை. என்னிடம் மட்டும்தான்.

எனக்கு இது பிடிக்கவில்லை. மனசுக்குள் ஏறவும் இல்லை. இங்கே யாரும் படிக்கப்போவதில்லை, அதனால் எழுதி வைக்கிறேன். யாராவது இன்னும் விளக்கமாகச் சொன்னாலும் ஏறுமா, தெரியாது.

ஆனால் இன்னொன்றும் எழுத வேண்டும். அந்த ஒரு வரி. சனிக்கிழமை கையெழுத்துப் போட்டிருந்தால் உண்மை. நான் நினைத்தது அதுதான். இன்றைக்குப் போட்டால் பொய். ஓர் எழுத்துகூட மாறவில்லை. எண்ணெயில் பாமாயில் கலந்து நல்லெண்ணெய் என்று லேபிள் ஒட்டுகிறவனைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். கலந்தது தெரியாமல் விற்றவனை மன்னிக்கலாம். தெரிந்து விற்கிறவனை?

ஜி.எஸ்.டி. வந்த வருஷம் ஆடிட்டரே முழித்தபோது கயல்தான் உட்கார்ந்து எல்லாவற்றையும் நிமிர்த்தினாள். டின்னிலிருந்து பாட்டிலுக்கு வந்தது அவள் பேச்சைக் கேட்டு. தீபாவளி விற்பனை போனால் அடுத்த வருஷம் பிடிக்கலாம். இவள் போனால்?

படத்தை வைத்துக்கொண்டு ஊரோடு மல்லுக்கு நிற்க நான் ஆளில்லை. மில்லில் இருக்கிறவர்களுக்குத் தீபாவளி போனஸ் கொடுக்க வேண்டும். அந்தக் கைலாசபுரத்துக்காரர் மூஞ்சியைப் பார்த்ததில்லை, இருந்தாலும் அவர் ஞாபகம் வருகிறது.

அக். 14, செவ்வாய்

வெயில். காலையிலேயே வரதராஜன் கிடங்கு. ஒட்டுவதற்குப் பசை வாளியோடு ஆள் தயார்.

“கொண்டுவந்தேளா சார்?”

“எழுத மாட்டேன்.”

“ஏன்? அண்ணன் பொண்ணுதானேன்னு நீங்கதானே சொன்னேள்?”

“அண்ணன் பொண்ணு இல்ல.”

சொன்ன பிறகு எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அவர் பசைக்காரனை டீ சாப்பிடப் போகச் சொன்னார்.

“பின்ன யாராம்?”

“மருமகள்.”

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். விஷயம் எதுவரை போகிறது என்று மோப்பம் பிடிக்கிற பார்வை. பிடித்திருப்பார். மேற்கொண்டு கேட்கவில்லை. அந்த மரியாதைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

“படத்தையாவது எடுப்பேளா?”

“எடுத்துடறேன்.”

“வருத்தம் தெரிவிக்கிறோம்னு ஒரு வார்த்தை?”

“கிடையாது.”

“ரெண்டும் இல்லேன்னா கடைக்காராகிட்ட நான் எந்த மூஞ்சிய வெச்சுண்டு பேசறது?”

“மார்ஜினை வச்சுப் பேசுங்க.”

சிரித்துவிட்டார். அப்புறம் இரண்டு பேரும் நமக்குத் தெரிந்த பாஷையில் பேசினோம். பாட்டிலுக்கு ஆறு ரூபாய் கூடுதல் என்று ஆரம்பித்தார். நான் இரண்டில்.

வெளியே வந்து கயலுக்கு போன். படத்தை எடுத்துவிடுகிறேன் என்றேன். “ம்” என்றாள். அந்த வரி இல்லை என்றேன். பக்கத்தில் யாரிடமோ வாயைப் பொத்திக்கொண்டு சொல்வது கேட்டது. அப்புறம், மூக்கை உறிஞ்சிக்கொண்டு: “அதுக்கு எவ்வளவு கேட்டாங்க மாமா?”

ஆறு கேட்டார், நாலில் முடிந்தது என்றேன். “அதிகம். என்னைக் கூட்டிட்டுப் போயிருந்தா மூணுல முடிச்சிருப்பேன்.” நாளைக்கு வா, வந்து பில்லை மாத்து என்றேன். வருகிறேன் என்றாள்.

முடிவானது: விளம்பரம் இன்று மாலையோடு எடுக்கப்படும். விளக்கம் இல்லை, மன்னிப்பு இல்லை. பொங்கல் வரை கடைக்காரருக்கு லிட்டர் பாட்டிலுக்கு நாலு ரூபாய் கூடுதல். வண்டி வாடகை நம்முடையது.