‘அப்பா’ என்றொரு ஃபான்ட்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன். நீ, அம்மா, அப்பா மூன்று பேரும் சுகம்தானே என்று கேட்க வேண்டிய இடம் இது. கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஏன் என்று படித்துக்கொண்டே போனால் உனக்குப் புரியும்.

கடிதம் அப்பாவோடுதானே, நமக்குள் போன்தானே, இவள் எதற்கு எனக்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே கத்துவாய். நான் வைத்துவிடுவேன். அப்புறம் இரண்டு பேரும் ஒரு வாரத்துக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வோம். கடிதம் என்றால் முழுதும் படித்த பிறகுதான் நீ கத்த முடியும். அதுவரைக்கும் எனக்கு லாபம்.

உன் பல் டாக்டர் இப்போதாவது லீவு தருகிறாரா? பயந்து ஓடுகிற நோயாளிகளை வாசலிலேயே மடக்கிப் பிடித்து உள்ளே அனுப்புவதுதான் பெரியவளுக்கு வேலை என்று அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். நம் வீட்டில் உனக்கு அந்தப் பழக்கம் ஏற்கெனவே இருந்ததுதானே.

அப்பா என் கண்காட்சிக்கு வருவதற்காக மாடிப்படியில் ஏறி இறங்கிப் பழகுகிறார் என்று போன வாரம் சொன்னாய். புதுச் சட்டைக்கு அளவு கொடுத்திருக்கிறார் என்றும், பட்டன் போட அம்மா கை நீட்டினால் “வேணாம், நானே போட்டுக்கறேன்” என்று தள்ளிவிடுகிறார் என்றும் சொன்னாய். நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்பாவை எப்படியாவது வரவிடாமல் நிறுத்திவிடு.

ஏன் என்று சொல்ல, எங்கள் டிசைன் கல்லூரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என்னைச் சேர்க்க வந்த அன்று நீ பார்த்தது கண்ணாடிச் சுவரும் புல்தரையும் காபி மெஷினும்தான். வாரம் ஒருமுறை எங்கள் வேலையைச் சுவரில் குத்தி வைத்துவிட்டு ஓரமாக நிற்க வேண்டும். ஆசிரியரும் மற்ற மாணவர்களும் சுற்றி நின்று குறை சொல்வார்கள். பதில் பேசக் கூடாது. விமரிசன வகுப்பு என்று அதற்குப் பெயர். நாங்கள் போஸ்ட்மார்ட்டம் என்போம். முதல் இரண்டு வருடமும் என் வேலையைப் பார்த்துவிட்டு எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: சுத்தமாக இருக்கிறது. அதைப் பாராட்டு என்று நினைத்து உங்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். அது பாராட்டு இல்லை என்று என் அறைத்தோழிதான் விளக்கினாள். அவள் உயரத்துக்கு நாங்கள் வைத்த பெயர் ஒட்டகம். எழுத்து வடிவமைப்பு எடுக்கிற மேடம் ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார், “எல்லாம் சரியாத்தான் இருக்கு. இதுல நீ எங்க இருக்கம்மா?”

ஆளாளுக்கு வீட்டிலிருந்து ஏதாவது கொண்டுவந்தார்கள். ஒருத்தி தன் பெற்றோரின் விவாகரத்தைத் துணியில் தைத்துக் காட்டினாள். ஒருவன் செத்துப்போன நாயை வைத்தே ஒரு வருடத்தை ஓட்டிவிட்டான். வீட்டில் சோகம் இல்லாதவர்கள் இந்த வகுப்பில் தேறுவது கஷ்டம் என்று நானும் ஒட்டகமும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறோம். அப்புறம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது.

மேலே எழுத எனக்கே அருவருப்பாக இருக்கிறது. எழுதத்தான் வேண்டும். விடுமுறைக்கு வந்தபோது அப்பா சாமான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதிப் பழகுவதைப் பார்த்தேன். பிசியோதெரபிஸ்ட் தினம் ஒரு பக்கம் எழுதச் சொன்னதும், அப்பா எழுதி முடித்ததும் அதைக் கிழித்துக் குப்பைக்கூடையின் அடியில் திணிப்பதும் உனக்குத் தெரியும். பிறப்புப் பதிவு அலுவலகத்தில் அத்தனை வருடம் சான்றிதழ்களில் பெயர் எழுதியவர். ஊரில் பாதிப் பேர் வீட்டு பீரோவில் அவர் எழுத்து இருக்கிறது. இப்போது ஓர் ‘அ’ போட்டு முடிப்பதற்குள் பேனா மூன்று திசையில் ஓடுகிறது. எனக்குப் பாவமாக இருந்தது. அதே நேரத்தில் இந்த வளைவு எவ்வளவு அழகாக இருக்கிறது என்றும் பார்த்தேன். மதியம் அவர் கண்ணயர்ந்ததும் கூடையைக் கவிழ்த்து அத்தனையையும் பொறுக்கிப் பையில் வைத்துக்கொண்டேன். அடுத்த நாளும் பொறுக்கினேன். ஊருக்குக் கிளம்பும் வரை பொறுக்கினேன்.

இங்கே வந்து கிழிசல்களை ஒட்டி, ஸ்கேன் செய்து, எழுத்து எழுத்தாக வரைந்து ஒரு ஃபான்ட் செய்தேன். கம்ப்யூட்டரில் யார் எதைத் தட்டினாலும் அப்பாவின் நடுங்குகிற கையால் எழுதினது மாதிரியே வரும். அதற்கு ‘அப்பா’ என்றே பெயரும் வைத்தேன். போஸ்ட்மார்ட்டத்தில் அன்றைக்கு யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை. ஒட்டகம் அழுதாள். மேடம் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்று, “இது பொய் சொல்லத் தெரியாத எழுத்து” என்றார். அக்கா, அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? வெட்கமே இல்லாமல் சந்தோஷப்பட்டேன்.

இந்த வருடக் கண்காட்சியின் அறிவிப்புகள் எல்லாம் அந்த ஃபான்டில்தான். நுழைவாசலில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு பேனர், ‘வாருங்கள்’ என்று. பஸ்ஸை விட்டு இறங்கினாலே தெரியும். கீழே என் பெயரும், ‘பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு கை’ என்ற விளக்கமும்.

போன மாதம் பேங்கில், கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று சொல்லி அவர் கட்டைவிரலில் மை தடவினார்களே. வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார் என்று நீதானே சொன்னாய். அந்த மனிதரை எப்படி இந்த வாசலில் கொண்டுவந்து நிறுத்துவது? தூரப் பயணம் கூடாது என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லிவிடு. உன் டாக்டர் பல் டாக்டர்தான், ஆனாலும் டாக்டர்தானே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், என்னைக் காப்பாற்று.

உன் பதிலுக்கு இப்போதே பயந்துகொண்டிருக்கும்,
தங்கை

*

மதிப்புக்குரிய அப்பாவுக்கு,

சின்னவள் வணக்கத்துடன் எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது? மாத்திரைகளை நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? இந்தக் கடிதத்தை அக்கா பிரிக்காமல் உங்களிடம் கொடுத்திருப்பாள். அம்மாவையும் கொஞ்ச நேரம் பக்கத்தில் வரவிடாதீர்கள். தனியாகப் படியுங்கள்.

உங்களை இங்கே வரவிடாமல் செய்யும்படி அக்காவுக்கு எழுதியிருந்தேன். அவள் போனில் என்னைப் பிடிபிடி என்று பிடித்துவிட்டாள். “பொய் சொல்றதுக்கு வேற ஆளப் பாரு. அப்பாகிட்ட நீயே சொல்லு. சொல்லலைன்னா நான் ஒண்ணும் சொல்லாம அவரைக் கூட்டிட்டு வந்து உன் காலேஜ் வாசல்ல நிறுத்திடுவேன்” என்றாள். செய்யக்கூடியவள் என்று உங்களுக்கும் தெரியும்.

அப்பா, நீங்கள் சாமான் அறையில் எழுதிக் கிழித்துப் போட்ட பக்கங்களை நான் எடுத்துக்கொண்டேன். உங்களைக் கேட்கவில்லை. அந்த எழுத்துகளை அச்செழுத்தாக மாற்றி என் கடைசி வருட வேலையாகக் கொடுத்தேன். அதை எல்லாரும் பாராட்டினார்கள். பெரிய பேனரில் அச்சடித்துக் கல்லூரி வாசலில் தொங்கவிட்டார்கள். யாருடைய கை, அந்தக் கைக்கு என்ன ஆயிற்று என்பதையும் அடியில் போட்டார்கள். வீட்டு மனிதர் முன்னால்கூட எழுதாத உங்களை, வழியில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

இதுவரை எழுதியது அக்காவுக்குத் தெரியும். இனிமேல் எழுதுவது அவளுக்கும் தெரியாது.

அடுத்தவருடைய முகத்தையோ எழுத்தையோ பயன்படுத்தினால் அவருடைய சம்மதம் எழுத்தில் வேண்டும் என்பது இங்கே விதி. அதற்கு ஒரு தாள் கொடுப்பார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஒருநாள் உங்களுக்குப் போன் செய்தேன். எடுத்தவுடனே “சாப்பிட்டியாம்மா?” என்றீர்கள். சாப்பிட்டேன் என்று சொன்னேன். மழையைப் பற்றி ஏதோ பேசினேன். வைத்துவிட்டேன். அப்புறம் அந்தத் தாளில் உங்கள் கையெழுத்தை நானே போட்டேன்.

முதலில் சரியாக வரவில்லை, வேறொரு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். என் கை நேராகவே போனது. பிறகு முழங்கையை மேஜையிலிருந்து எடுத்துவிட்டு, பேனாவைத் தளர்த்திப் பிடித்து, கடைசி எழுத்தில் உங்கள் பேனா எந்தப் பக்கம் வழுக்கும் என்று நினைத்துக்கொண்டே போட்டேன். அச்சு அசலாக வந்துவிட்டது. தாளைத் தள்ளி வைத்துப் பார்த்தேன். பெருமையாக இருந்தது அப்பா. உங்கள் நடுக்கம் எனக்கு நன்றாக வந்துவிட்டதே என்று பெருமையாக இருந்தது.

கல்லூரி அலுவலகத்தில் அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நீங்கள் சொந்தக் கையால் போட்ட கையெழுத்தை பேங்கில் ஏற்கவில்லை. நான் போட்டது இங்கே செல்லுபடியாகிவிட்டது. இதை நினைத்தால் எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அக்கா திட்டிய மறுநாள் மேடத்திடம் போய், பேனரை இறக்கிவிடுங்கள் என்றேன். உங்கப்பாதான் சம்மதம் கொடுத்திருக்கிறாரே, இப்போது என்ன என்று கேட்டார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, “அந்தப் பேப்பர்ல இருக்கறதும் உன் ஃபான்ட்தானா?” என்று கேட்டார்.

அன்றைக்கே இறக்கிவிட்டோம். வாட்ச்மேன் மேலிருந்து கயிற்றைத் தளர்த்த, நானும் என் அறைத்தோழி ஒட்டகமும் கீழே நின்று சுருட்டினோம். நோட்டீஸ்களையும் எடுத்துவிட்டோம். எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டியிருப்பதால் வகுப்பில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. செத்துப்போன தன் நாயை வைத்தே ஒரு வருட வேலையை ஓட்டிய ஒருவன் இருக்கிறான், அவன் மட்டும் வந்து, “அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேக்கறதுக்கு உனக்கு என்ன?” என்றான். அவனுடைய நாயிடம் அவன் கேட்டிருக்க முடியாது. நான் கேட்டிருக்கலாம்.

இதனுடன் புதிய சம்மதத் தாள் ஒன்று வைத்திருக்கிறேன். நீங்கள் கையெழுத்துப் போட்டால் அந்த வேலையைத் திரும்ப ஏற்றுக்கொள்வார்கள். போடாவிட்டால் நான் இந்த வருடத்தை மறுபடி படிக்க வேண்டும். இதை உங்களிடம் சொல்லவே வேண்டாம் என்று நினைத்தேன். சொன்னால் எனக்காகப் போட்டுவிடுவீர்கள். சொல்லாமல் விட்டால் அதுவும் உங்களிடமிருந்து ஒன்றைத் திருடுவதுதான். ஆகவே சொல்லிவிட்டேன். என் வருடத்துக்காகப் போடாதீர்கள் அப்பா. பிடிக்கவில்லை என்றால் கிழித்துப் போடுங்கள். இந்த முறை நான் வந்து பொறுக்க மாட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃபான்டைச் சோதிக்கும்போது மேடம், “எல்லா எழுத்தும் நடுங்குது, இந்த நாலு மட்டும் ஏன் நேரா நிக்குது?” என்று கேட்டார். எனக்கும் புரியவில்லை. அசல் பக்கங்களை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் முதல் வரியில் என் பெயரை எழுதிப் பழகியிருக்கிறீர்கள். அந்த நாலு எழுத்துகளும் என் பெயரில் இருப்பவை. அதைப் பார்த்த பிறகும் நான் அந்த வேலையைக் கொடுத்தேன்.

நீங்கள் வரலாம், வராமலும் இருக்கலாம். கோபித்துக்கொள்ளலாம், என்னோடு பேசாமலும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் உங்களுக்கு உரிமை உண்டு. நான் கேட்பது ஒன்றுதான். உடம்பு சரியில்லாமல் போனதிலிருந்து நீங்கள் சொல்லச் சொல்ல அக்காதான் எனக்கு எழுதுகிறாள். இந்தக் கடிதத்துக்குப் பதிலை அவளிடம் எழுதக் கொடுக்காதீர்கள். ஒரு வரி போதும். ‘இனி இந்தப் பக்கம் வராதே’ என்பதுதான் அந்த வரி என்றாலும் நீங்களே எழுதுங்கள். வரி கோணினாலும், பாதியில் நின்றுபோனாலும் அப்படியே அனுப்புங்கள். உங்கள் எழுத்தை எனக்குப் படிக்கத் தெரியும் அப்பா.

ஆசீர்வாதம் கேட்கத் துணிவில்லாத,
உங்கள் சின்னவள்