வாத்துக்கு நீந்தத் தெரியும்

என் சுண்டெலிக்கு,

அம்மா எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத்தான் பழக்கம். இந்தத் தடவை கேட்கவில்லை.

உன் படக்கதைப் புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. நீ பாடம் நடத்திய பள்ளியில்தான் வெளியிட்டார்கள். மண்டபம் நிறையப் பிள்ளைகள். தலைமை ஆசிரியை ஒவ்வொரு படமாகத் திரையில் காட்டி வாசித்தார். கரடி, குரங்கு, மயில், வாத்து எல்லாம் கடல் பார்க்கப் படகில் கிளம்புகின்றன. படகோட்டி ஒரு சுண்டெலி. அது நீதான் என்று பார்த்ததுமே தெரிந்தது.

அந்த வாத்து இருக்கிறதே, வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் வழி சொல்கிறது. தூங்குகிற முதலையைத் தட்டி எழுப்பி, சாப்பிட்டாயா என்று விசாரிக்கிறது. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். நீ போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு. பக்கத்தில் இருந்த உன் அத்தையிடம், "இந்த லூசு வாத்த யாரு கூட்டிட்டு வந்தது?" என்று கேட்டேன். அவள், "அண்ணி, அது கழுத்தப் பாருங்க" என்றாள்.

கழுத்தில் ஊக்குக் கொத்து. சலவைக்கடையில் துணிக்குச் சீட்டுக் குத்த நான் மாட்டியிருக்கும் அதே கொத்து. இடது காலை இழுத்து நடக்கிற நடையும் என்னுடையதுதான். உன் அத்தைக்கோ, தன்னை மயிலாகப் போட்டதில் கால் தரையில் படவில்லை.

பிறகு படகில் பாரம் கூடிவிடுகிறது. எல்லாம் தலையைக் குனிந்து குசுகுசுக்கின்றன. 'வாத்துக்குத்தான் நீந்தத் தெரியுமே' என்று இறக்கிவிடுகின்றன. கடைசிப் படத்தில் படகு தூரத்தில் போகிறது. வாத்து பின்னாலேயே நீந்தி, 'வெயிலு அடிக்குது, தொப்பி போட்டுக்கோ' என்று கத்துகிறது. பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். ஆசிரியை என்னை மேடைக்குக் கூப்பிட்டு, "பிள்ளைங்களுக்காக ஒரே ஒரு தடவ வாத்து மாதிரி கத்திக் காட்டுங்கம்மா" என்றார். கத்திக் காட்டினேன். நல்ல கைதட்டல். இப்போது கடையில் முதலாளி முதல் வண்டிக்காரர் வரைக்கும் நான் வாத்தம்மாதான்.

அது போகட்டும். திரும்பும்போது பஸ்ஸில் உன் அப்பாவிடம், உன் கரடியிடம், வாத்தை ஏன் இறக்கிவிட்டீர்கள் என்று கேட்டேன். உனக்குத் திடீரென்று வந்த நோய் என்றுதானே எனக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "ஒரு வருஷமா எங்களுக்குத் தெரியும். உங்கிட்ட சொன்னா ஊரக் கூட்டுவ" என்றார். மயில் அத்தையும் குரங்கு மாமாவும் ஆஸ்பத்திரியில் முறைவைத்துத் துணைக்குப் படுத்தார்களாம். நீ வெளியூருக்குப் பயிற்சிக்குப் போயிருக்கிறாய் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். என்னைக் கூட்டிப்போனபோது நீ கண் திறக்கவில்லை.

அந்த ஆஸ்பத்திரி விரிப்புகள் எங்கள் கடைக்குத்தான் சலவைக்கு வரும். உன் விரிப்பையும், நாற்றம் தாங்கவில்லை என்று திட்டிக்கொண்டே துவைத்திருப்பேன்.

நான் அழுவேன்தான், கத்துவேன்தான். அதற்காக உன் கால்மாட்டில் ஓர் ஓரமாக உட்கார எனக்குத் தெரியாதா? சரி, உன்னைத் திட்டவில்லை. வலியில்லாமல் இரு, தாயே.

இப்படிக்கு,
உன் அம்மா

ஒன்றை விட்டுவிட்டேன். குசுகுசுக்கிற அந்தப் படத்தில், வாத்தை இறக்கிவிடலாம் என்று யார் வாயிலிருந்து வந்தது என நீ எழுதவில்லை. கரடியா, குரங்கா, மயிலா? இல்லை, சுண்டெலியேதானா?