தாழைத்துறையில் கடைசி ஓடம்

மங்கலம் பெருகுக. மஞ்சனாற்றின் இரு கரைகளையும் ஒரு குடை நிழலில் வைத்தவரும், கொன்றைமூதூர் அரியணை உடையவருமான மாதேவி திருநிலைநாயகியார் அருளிச்செய்ய, அவர்தம் வாய்மொழியை ஓலையில் ஏற்றும் ஓலைநாயகம் அணிநாகன் விடுக்கும் திருமுகம். தாழைத்துறை நாட்டைக் காத்துவரும் ஏனாதி நம்பிகூத்தனார் கண்டு கேட்க. உம் அளங்களில் உப்பு விளைக. உம் வலைகள் கனத்து வருக. உம் ஓடங்கள் ஒழுக்கின்றி மிதக்க.

உம்முடைய ஓலை வந்தது. உம் துறையில் மாலைதோறும் நடப்பது அரசாணையா, யாரோ கண்ட கனவா என்று கேட்டிருந்தீர். இரண்டும்தான். அது எப்படி நேர்ந்தது என்பதற்குக் காரிநங்கை என்பவளின் நாட்குறிப்பிலிருந்து ஒரு நாளை இங்கே தருகிறோம்.

‘ஆவணி, வளர்பிறை ஏழாம் நாள். பயிற்சி ஓலையை எந்தக் கூடையில் இட்டேன் என்பது நினைவில் இல்லை. சாம்பல் கூடையில்தான் இட்டிருப்பேன். சிறு பிழை. நாளை போய்ப் பார்க்க வேண்டும்.’

காரிநங்கை பகலெல்லாம் கோட்டைப் பண்டாரத்தில் விளக்குகளுக்கு எண்ணெய் அளந்து கணக்கெழுதுபவள். மாலையில் எம் ஓலைச் செயலகத்தில் ஆட்சிக்கலை பயில்கிறவள். பணியில் இருப்பவர்கள் பணியை விடாமலே, இரண்டு மழைக்காலத்துப் பாடத்தை ஒரே மழைக்காலத்தில் முடித்து முதுகலைப் பட்டம் பெறலாம் என்று மாதேவியார் அருளிய விரைவு வகுப்பு அது. அதற்கெனத் தனிக் கட்டடம் இன்னும் எழவில்லை. ஆகவே எழுத்தர்கள் எழுந்துபோன பாயிலேயே மாணாக்கர்கள் உட்கார்ந்து, அவர்கள் வைத்துப்போன எழுத்தாணியாலேயே எழுதுகிறார்கள். நாட்டுக்குச் செல்லும் ஆணைகளுக்குச் சிவப்புக் கூடை. எரித்துவிட வேண்டிய பயிற்சி ஓலைகளுக்குச் சாம்பல் கூடை. இரண்டும் ஒரே தூணின் அடியில்தான் இருக்கும்.

எதையும் மும்முறை எழுதிப் பார்த்தும் தெளியாதவள் அவள். ஆசிரியர் கேட்கும் கேள்விக்கு விடை அவளுக்குத் தெரியும். தெரியும் என்று அவள் முடிவுசெய்வதற்குள் வேறொருவர் சொல்லி முடித்திருப்பார். ‘ஆம் என்று சொல்லவும் உமக்குச் சாட்சி வேண்டுமா, நங்கையாரே?’ என்று உடன் பயில்வோர் கேலி செய்வார்களாம். அதற்கும் அவள் யோசித்துத்தான் சிரிப்பாளாம்.

அன்று ஒரே அமர்வில் இரண்டு பாடங்கள். இரண்டாவது, ஆற்றுத்துறை ஒன்றுக்கு ஆணை எழுதுதல். எடுத்துக்காட்டாகக் கொடுக்கப்பட்டது உம்முடைய தாழைத்துறை. அவளோ ஆற்றைக் கண்டதே இல்லை. விரல்களில் எண்ணெய் மணக்க, இமைகள் கனக்க, விழிப்புக்கும் உறக்கத்துக்கும் நடுவே ஓரிடத்தில் அவளுக்கு ஓர் ஆறு தெரிந்தது. அக்கரையில் ஒரு விளக்கு, இக்கரையில் ஒரு விளக்கு, நடுவே பொன்னை உருக்கி ஊற்றியது போல அசையும் நீர். கரையோரம் ஓர் ஓடம், வரவேண்டிய யாரோ ஒருவருக்காக அவசரமின்றி நின்றுகொண்டிருந்தது. அவள் எழுதினாள்: ‘ஞாயிறு மறைந்தபின் இரு கரையிலும் விளக்கேற்றுக. கரையில் ஒருவரேனும் இருக்கும்வரை ஓடம் காத்திருக்க.’ வாழ்நாளில் அடித்துத் திருத்தாமல் அவள் எழுதிய முதல் ஓலை அதுவே. அது சிவப்புக் கூடையில் விழுந்தது.

மறுநாட்காலை எம் முத்திரைக்காரன் அந்தக் கூடையில் இருந்ததையெல்லாம் படிக்காமலே முத்திரையிட்டான். படிக்காதது அவன் குற்றம்; படிக்க நேரம் கொடாதது எம் குற்றம். அவள் வந்து பார்த்தபோது இரண்டு கூடைகளும் ஒழிந்து கிடந்தன. எரிந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு எண்ணெய் அளக்கப் போய்விட்டாள்.

அதன்பின் உம் துறையில் நடந்ததை நீர் அறிவீர். ஆயினும் எம் ஆள் நேரில் கேட்டுவந்ததையும் ஒருமுறை கேட்டருள்க. முன்பெல்லாம் கடைசி ஓடம் போனபின் ஈரமணலில் படுத்துக் கிடந்த உப்பளத்துப் பெண்கள் இப்போது வீடு சேர்கிறார்கள். அவர்களில் வெள்ளைச்சி என்பவள், ‘நான் போகும்போது பிள்ளைகள் விழித்திருக்கிறார்கள். எழுதின கை யாருடையது, சொல்லுங்கள், ஒரு கூடை உப்பு கொடுத்தனுப்புகிறேன்’ என்றாள்.

ஆனால் ஆற்றில் விளக்கொளி விழுவதைப் பார்க்க ஊரும் வந்துவிட்டது. தாயம் ஆடுகிறவர்களும், புதுமணம் முடித்தவர்களும், வீட்டில் புழுக்கம் என்கிறவர்களும் மணலில் அமர்ந்துவிட்டார்கள். கரையில் ஆள் ஒழியவே இல்லை. ஓடக்காரன் சேந்தன் ஆணையை மீறாதவன். ‘அக்கரைக்கா என்று கேட்டால், இல்லையப்பா, காற்று வாங்குகிறேன் என்கிறார்கள். அப்படியானால் எழுந்து போங்கள் என்றால், ஆணையில் அப்படியா இருக்கிறது என்று என்னையே மடக்குகிறார்கள்’ என்று முறையிட்டான். ‘நீர் ஓடத்துக்கே தாலி கட்டியிருக்கலாம்’ என்று ஏசிக்கொண்டே கஞ்சி கொண்டுவந்த அவன் மனைவி, விளக்கைப் பார்த்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நீயாவது வீட்டுக்குப் போ என்று அவன் கெஞ்ச, ‘ஏன், நான் ஓர் ஆள் இல்லையா? நான் இருக்கும்வரை நீரும் இருக்க வேண்டும்தானே’ என்றாளாம். இப்படியே உறக்கம் கெட்டவன் ஒருநாள் துடுப்போடு கண்ணயர, உப்பளத்துப் பெண்களை ஏற்றிய ஓடம் முகத்துவாரம் வரை இழுபட்டுப் போய், மீன்பிடிப்பவர்கள் கண்ணில் பட்டதால் மீண்டது. நீர் ஓலை விடுத்தது அதன் பின்னரே.

கையெழுத்தைக் கொண்டு எழுதியவள் காரிநங்கை என்று தெரிந்து, மாதேவியார் திருமுன் அவை கூடிற்று. உரிமையின்றி அரசின் பெயரால் ஆணை விடுத்தவர் பணியையும் கல்வியையும் இழக்க வேண்டும் என்ற விதியை ஆசிரியர்கள் எடுத்துரைத்தார்கள். சொல்ல வேண்டியது உண்டா என்று காரிநங்கையிடம் கேட்கப்பட்டது. அவள் இம்முறை யோசிக்கவில்லை. தன்னை நீக்கலாம் என்றும், விளக்கை மட்டும் நீக்கவேண்டாம் என்றும், அதற்கு வேண்டிய எண்ணெய் பண்டாரத்தில் இருப்பதைத் தான் அறிவாள் என்றும் விண்ணப்பித்தாள். பிறகு, அதிகம் பேசிவிட்டோமோ என்று அஞ்சி, யாரும் உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்துகொண்டாள்.

மாதேவியார் அவள் கண்ட கனவில் ஓடத்தை ஓட்டியவர் யார் என்று மட்டும் வினவினார்.

அவள் கண்களை மூடிப் பார்த்தாள். ‘விளக்கு தெரிகிறது, மாதேவி. ஓடமும் தெரிகிறது. ஓடத்தில் யாரும் இல்லை’ என்றாள்.

ஆகவே இவ்வாணை. எம் முத்திரை விழுந்த ஓலையைப் பொய் என்று சொல்ல ஆகாது, விளக்குகள் எரிக. திருத்தம் வரும்வரை, உப்பளத்துப் பெண்களை அக்கரை சேர்த்ததும் சேந்தன் வீடு செல்க. மணலில் இருப்பவர்கள் விரும்பும்வரை இருக்க. காரிநங்கை துறைக்கு வந்து, ஓடத்திலிருந்து கரையைப் பார்த்து, விடுபட்டதைச் சேர்த்துத் திருத்த ஓலை எழுதுக. அது சேந்தனுக்கும் வெள்ளைச்சிக்கும் ஒருசேரப் பொருந்தினால் அதுவே அவளது இறுதித் தேர்வு, பட்டம் அவளுடையது. பொருந்தாவிடில் விதி தன் வழியே செல்லும். அவள் யார் என்பதைக் கரையில் இருப்பவர்களிடம் நீர் சொல்லாதிருக்க.

மாதேவியார் ஏவியபடி இவ்வோலையை, தன்னைப் பற்றியதையும் பிறரைப் பற்றியதுபோலவே கூட்டாமல் குறைக்காமல் எழுதினாள் காரிநங்கை. ஓலைநாயகம் அணிநாகன் முழுவதும் படித்தபின் தம் கையாலேயே முத்திரையிட்டார். எந்தக் கூடையிலும் இடப்படாமல் எழுதியவள் கையிலேயே இது வருகிறது. வாங்கிக்கொள்க.

எழுதியவளுக்கு நாளைய வேலை: விளக்கேற்றும் நேரத்தில் துறைக்குப் போய், ஓடத்தில் ஏறி, சேந்தனுக்கு எதிரே உட்கார வேண்டும்.