கரண்டியில் நின்ற தண்ணீர்

நைனா,

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள ஜூஸ் கடையில் இன்று ஃபலூடா கேட்டேன். கடைக்காரர் கடல்பாசி கொதிக்கும் பாத்திரத்தைத் திறந்தார். ஈர வைக்கோல் மாதிரி அந்த வாசனை. கிளாஸ் கைக்கு வருமுன்பே உன்னிடம் பேச ஆரம்பித்துவிட்டேன்.

பக்கவாதம் வந்து, புத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து நீ நகரி வீட்டுக்குத் திரும்பிய கோடை அது. தண்ணீர் குடித்தால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும் என்றார் டாக்டர். தாகத்துக்கு மூக்குக் குழாய். வாய்க்குக் கெட்டியானது மட்டும், கரண்டி கரண்டியாக. நீ சோறு கேட்கவேயில்லை. எங்களைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே வார்த்தைதான்: "தண்ணி."

அம்மா கெட்டிக் கஞ்சி கொடுத்தாள். துப்பினாய். "பாவு நூலுக்குப் போடற கஞ்சிய எனக்கு ஊத்தறியா?" காலமெல்லாம் தறி ஓட்டியவனின் கோபம்.

நான் படித்தது காமர்ஸ். ஆனால் கடல்பாசியால் உறையவைப்பது பற்றி போனில் ஒரு வீடியோ பார்த்தேன், அதிலிருந்து இன்னொன்று, அப்புறம் தூக்கமே இல்லை. உன் கட்டிலருகே உட்கார்ந்து மூச்சுவிடாமல் சொன்னேன்: கடல்பாசி என்பது சர்க்கரைகள் கோத்த நீளச் சங்கிலி. கொதிநீரில் சங்கிலிகள் தனித்தனியாக அலையும். ஆறும்போது இரண்டிரண்டாக முறுக்கிக்கொள்ளும்; முறுக்குகள் கட்டுக்கட்டாகச் சேர்ந்து வலையாகும். தண்ணீர் அந்த வலைக்குள்ளேயேதான் இருக்கும், ஓட மட்டும் முடியாது.

"நூலு எவ்ளோ?"

"நூத்துல ஒண்ணு போதும் நைனா. மிச்சமெல்லாம் தண்ணி."

"அந்தத் துணிய எவன்டா வாங்குவான்?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

முதல் தடவை என் ஆசையே கெடுத்தது. உனக்குப் பிடிக்குமே என்று பெங்களூரா மாங்காய்க் கூழையும் சேர்த்தே கொதிக்கவிட்டேன். புளிப்போடு கொதித்தால் சங்கிலிகள் துண்டுதுண்டாகிவிடும் என்று பிறகுதான் படித்தேன். சாயங்காலம்வரை வைத்தும் சளசளவென்று ஓடியது. "வாசன ஜோரா கீது, குடுறா" என்று வாயைத் திறந்தாய். நான் தரவில்லை. நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய்.

மறுநாள் கடல்பாசியைத் தனியாகக் கொதிக்கவைத்து, இறக்கியபின் கூழைக் கலந்தேன். உறைந்தது. வீட்டுக்கு வரும் நர்ஸ் அக்கா ஒரு துண்டை விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"வாய்ல உருகிச்சுன்னா மறுபடி தண்ணிதானேப்பா?"

"வாய்ச் சூட்டுல உருகாதுக்கா. இது உருகணும்னா கிட்டத்தட்ட கொதிக்கணும்."

உன்னை நிமிர்த்தி உட்காரவைத்து அவரே ஊட்டினார். இருமல் வரவில்லை. நீ விழுங்கிவிட்டு யோசித்தாய்.

"மாங்கா எதுக்குடா? தண்ணி கேட்டேன்."

அப்புறம் நம் கிணற்றுத் தண்ணீரை மட்டும் உறையவைத்தேன். இனிப்பு இல்லை, நிறம் இல்லை. கரண்டியில் நடுங்கிக்கொண்டு நின்றது. அதையே பார்த்தாய்.

"இது தண்ணியா, துன்றதா?"

"ரெண்டும்."

"எல்ல பிரிக்கச்சொல்ல திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் பூட்ச்சு. நாம ஆந்திராப் பக்கம் நின்னுட்டோம்." ஒவ்வொரு வார்த்தையாகக் குழறிச் சொன்னாய். "தமிழா தெலுங்கான்னு கேட்டா, எங்க நைனாவும் ரெண்டும்னுதான் சொல்வாரு."

வாயைத் திறந்தாய். கண்ணை மூடி, நாக்கில் உருட்டி, மெல்ல விழுங்கினாய்.

"நம்ம கெணறுதான். உப்பு தெரியுது."

அடுத்த கோடைக்கு நீ இல்லை. ஊருக்குப் போனால் கிணற்றிலிருந்து ஒரு வாய் அள்ளி, உடனே விழுங்காமல் நாக்கில் நிறுத்திக்கொள்கிறேன், அந்த உப்பு தெரியும்வரை.