கானசபை மண்டபத்தின் வடக்குச் சன்னல்

அனுப்புநர்:
தே. பால்துரை,
ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்,
கானசபைப் பின் சந்து, ஸ்ரீவில்லிபுத்தூர்,
இராமநாதபுரம் ஜில்லா.

பெறுநர்:
யுத்தகால வெளிச்சத் தடுப்பு விசேஷ அலுவலர் அவர்கள்,
ஸ்ரீவில்லிபுத்தூர் முகாம்.

பொருள்: கானசபை மண்டபத்தின் வடக்குச் சன்னலைச் செங்கல் வைத்து அடைக்கும் உத்தரவை நிறுத்தி வைக்கக் கோருதல், அதே சன்னல் குறித்து 1929-இல் நான் கொடுத்த புகாரை வாபஸ் பெறுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி மண்டபம் 1927-இல் பருத்தி வியாபாரிகள் கூடிக் கட்டியது. கட்டிய கொத்தனார் ராஜபாளையம் மொக்கைச்சாமி. அதுவரை அவர் கட்டியதெல்லாம் பருத்திக் கிட்டங்கிகள். கை பழகிய பழக்கத்தில், வண்டியில் பொதி ஏற்றுவதற்கு விடுகிற பெரிய சன்னலை இதன் பின்சுவரிலும் விட்டுவிட்டார். சபையார் வந்து, இது எதற்கு என்று கேட்டபோது, "சன்னல் இல்லாம சரக்க எப்படிய்யா வெளியே கொடுப்பிய?" என்று அவர் திருப்பிக் கேட்டாராம். சிரித்துவிட்டு அப்படியே விட்டார்கள். பிறகு பாட வந்த வித்வான்கள், இந்த மண்டபத்தில் குரல் எதிரொலிக்காமல் தெளிவாக நிற்பதற்கு அந்தச் சன்னலே காரணம் என்றார்கள். மண்டபத்தின் பெயர் தஞ்சாவூர் வரை போனது அப்படித்தான்.

2. அந்தச் சன்னலுக்கு நேர் எதிரே, எட்டடிச் சந்துக்கு அப்பால் என் வீடு. சனிக்கிழமை கச்சேரியால் எங்கள் மாலை ஜெபம் கெடுகிறது, ஆகவே சன்னலை அடைக்க வேண்டும் என்று 1929-இல் புகார் எழுதியவன் நானே. அப்போது ஒருவரும் கவனிக்கவில்லை. தற்போதைய சபைக் காரியதரிசி பழைய காகிதங்களோடு அதையும் தங்களிடம் சேர்த்திருக்கிறார். "அடுத்த வீட்டாரே ஆட்சேபித்த சன்னல்" என்று தங்கள் உத்தரவில் வருவது என் எழுத்தால் வந்த வினை. அதற்காக வெட்கப்படுகிறேன்.

3. என் மனைவி ஏசம்மாள் அந்தக் காலத்தில் சனிக்கிழமை மட்டும் சோறு வேக நேரமாகும் என்பாள். எங்கள் அடுக்களை சந்துப் பக்கம் இருக்கிறது. பதினோரு வருஷம் அதை நம்பினேன். கணக்குப் பாடம் நடத்திய எனக்கு, அரிசிக்குக் கிழமை தெரியாது என்பது தோன்றவில்லை. (இதை மனுவில் எழுத வேண்டாம் என்கிறாள். அலுவலரிடம் மறைப்பது முறையல்ல என்பதால் எழுதுகிறேன்.)

4. 1938 பங்குனியில் அவளுக்குப் பாரிச வாயு வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றார் டாக்டர். நான்கு மாதம் ஒரு சொல் இல்லை. ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பாடிக்கொண்டிருந்த சங்கரலிங்க பாகவதர் ஒரு பாட்டை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கப் போனார். கட்டிலிலிருந்து ஏசம்மாள், "இன்னொரு சரணம் கெடக்குல்லா, அத விட்டுட்டாரே" என்றாள்.

5. நான் சந்தில் இறங்கி ஓடினேன். சன்னலில் தலையை நீட்டி, கச்சேரி நடுவில், அவள் சொன்னதைச் சொன்னேன். சபையார் என்னை முறைத்தார்கள். பாகவதர் மட்டும், "அம்மா சொல்லுதது சரிதான், நேரமாச்சேன்னு விட்டேன்" என்று சொல்லி அந்தச் சரணத்தைப் பாடினார். எனக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. ஆனால் அன்று அங்கேயே நின்று அழுதேன்.

6. அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் நாலு வார்த்தை கூடுதலாகப் பேசுகிறாள். ஞாயிறு, திங்கள் அது தங்கும், வாரக் கடைசிக்குள் குறைந்துவிடும். போன கோடையில் மூன்று வாரம் கச்சேரி இல்லை. மூன்று வாரமும் அவள் பேசவில்லை. அவளை மண்டபத்துக்குத் தூக்கிப்போகலாமே என்று தாங்கள் கேட்கலாம். இரண்டு முறை முயன்றோம். வலி தாங்காமல் மயங்கிவிட்டாள், டாக்டர் தடுத்துவிட்டார்.

7. ஆகாய விமானத்துக்கு வெளிச்சம் தெரியக் கூடாது என்ற உத்தரவை நான் குறை சொல்லவில்லை. என் தம்பி மகன் பட்டாளத்தில் இருக்கிறான். ஆனால் தாங்கள் தடுக்க வேண்டியது வெளிச்சம். செங்கல் தடுக்கப்போவது சத்தத்தை. சந்தின் மேல், மண்டபச் சுவரிலிருந்து என் வீட்டுக் கூரை வரை, கறுப்புச் சாயம் தோய்த்த சாக்கினால் பந்தல் போட்டு, இரு முனையிலும் படுதா தொங்கவிடச் சித்தமாயிருக்கிறேன். மேடை விளக்குக்குத் தகர மூடி போடச் சபையாரும் சம்மதித்திருக்கிறார்கள். பாகவதரோ, தேவைப்பட்டால் விளக்கே இல்லாமல் பாடுவதாகச் சொல்கிறார்.

ஆகவே, கொத்தனாரை அனுப்புவதற்கு முன், வருகிற சனிக்கிழமை மாலை தாங்களே நேரில் வந்து பந்தலைப் பார்வையிட வேண்டும். ஒரு கீற்று வெளிச்சம் கசிந்தாலும் தங்கள் சித்தப்படி செய்யலாம். கசியாவிட்டால், சன்னலை விட்டுவைக்க வேண்டுமாய்ப் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

1929-ஆம் வருஷத்து மனுவில் "நானும் என் குடும்பத்தாரும்" என்று எழுதியிருந்தேன். குடும்பத்தாரிடம் கேட்காமல் எழுதியது அது. இந்த மனுவை ஏசம்மாளுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். தானும் கையெழுத்திடுவதாகச் சொன்னாள். வலது கை வராததால் இடது கையால் எழுதியிருக்கிறாள். எழுத்துக் கோணலாக இருப்பதைத் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம்.

இடம்: ஸ்ரீவில்லிபுத்தூர்
தேதி: 9-9-1942

இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள,
தே. பால்துரை
பா. ஏசம்மாள்