அண்ணாச்சியை எடுத்த படம்

ஆவணி, ஞாயிறு இரவு

இன்று ஸ்ரீவில்லிபுத்தூர் கல்யாணத்தில் செல்வராஜ் அண்ணாச்சியைப் பார்த்தேன். ராஜபாளையத்தில் அவர் ஸ்டுடியோவில் நான் வேலை பார்த்தபோது, நான் எடுத்த படங்களில் எல்லாம் தன் பெயரைப் போட்டுக்கொண்டவர். இன்று அவர் மாப்பிள்ளை வீட்டுக்குப் படம் எடுக்க வந்திருந்தார், நான் பெண் வீட்டுக்கு.

என் புதுக் கேமராவைக் கண்டதும் எல்லார் முன்னாலும் சிரித்தார்.

"ஏட்டி, இது உங்க தாத்தா கேமராவா? பிலிம் எங்க கிடைக்கு?"

பார்க்கப் பழைய பிலிம் கேமரா போலத்தான் இருக்கும். உள்ளே எல்லாம் புது டிஜிட்டல், பெரிய ஃபுல் ஃபிரேம் சென்சார். மேலே உள்ள சக்கரங்களைத் திருகும்போது விரலில் தட்டுகிற அந்தச் சின்ன 'டிக்'குக்காகவே வாங்கினேன்.

பந்தி நேரத்தில் அவர் ஜன்னலோரம் தனியாக, களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். சக்கரத்தைத் திருகி ஒன்று எடுத்தேன். எழுந்து வந்து திரையைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"என்னைய இப்படி யாருமே எடுத்ததில்லம்மா. எனக்கு அனுப்புதியா?"

"யார் பேரைப் போட்டு அனுப்பணும் அண்ணாச்சி?"

"உன் பேரைத்தான்."

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படத்தை அழித்தேன். பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

வீடு வரும்வரை இனித்தது. கேமராவைத் துடைத்து வைத்த பிறகும் இனிக்கிறது. ஆனால் இந்தக் கேமராவில் நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். இனி அவர் என் முன்னால் அப்படி உட்காரமாட்டார்.

உட்கார்ந்தாலும் கொடுக்கமாட்டேன்.